துண்டு போட்டு மூடிய கோடு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி உங்கள் குழுத் தலைவரிடமிருந்து எனக்கு உத்தரவு வந்திருக்கிறது. ஓய்வு பெற்றவளை நிம்மதியாக விட மாட்டார்கள் போலிருக்கிறது. நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது; அங்கே இருக்கிற பழைய ஆட்களைக் கேட்டால் தலையில் அடித்துக்கொண்டு சொல்வார்கள். கம்ப்யூட்டர், டிடெக்டர், நிரல் இதையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். முடிவெடுக்கப் பயப்படுகிற நேரத்தில் என்ன செய்வது என்று மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதை விருத்தாசலத்தில் எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்த ஒரு சங்கதியை வைத்துச் சொல்கிறேன்.

இதில் வருகிற பெண்ணின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் போன் போட்டுத் திட்டுவாள். நல்லூர்க்காரி என்று வைத்துக்கொள்வோம். எங்கள் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

உங்கள் அம்மா அப்பாவும் இதைப் படிக்கலாம் என்பதால் தொழிலைப் பற்றி இரண்டு வரி. இரண்டு புரோட்டான்களை ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் ஓடவிட்டு மோதவிடுகிறோம். சில மோதலில் பத்துப் பன்னிரண்டு துகள்தான் சிதறும். சிலதில் திருவிழாக் கூட்டம் மாதிரி சிதறும். அபூர்வமாகச் சில மோதலில் குவார்க் என்கிற அடிப்படைத் துகளில் கனமான வகை ஒன்று பிறக்கும். அதைச் சுமந்துகொண்டு கனத்துகள் ஒன்று வரும். வந்த வேகத்தில் உடைந்தும் போகும். எங்கள் கேள்வி இதுதான்: மோதலில் கூட்டம் இரண்டு மடங்கானால் இந்தக் கனத்துகளும் இரண்டு மடங்குதான் ஆகுமா, அதற்கு மேல் ஆகுமா? மேலேதான் ஆகிறது. எவ்வளவு மேலே, ஏன் என்பதில்தான் ஊர்ப்பட்ட சண்டை. ஒரே மோதலுக்குள் புரோட்டான்களின் உள்ளுறுப்புகள் ஜோடி ஜோடியாகப் பல இடத்தில் மோதிக்கொள்கின்றன என்பது பலரும் ஒப்புக்கொண்ட பதில். அந்தப் பதிலுக்கும் அடங்காமல் வரைபடத்தில் கோடு ஏறினால் அது செய்தி.

நல்லூர்க்காரியின் கோடு அப்படித்தான் ஏறியது. வலது ஓரத்தில், கூட்டம் மிக அதிகமான மோதல்களில், யார் போட்ட கணக்கையும் மதிக்காமல் ஜிவ்வென்று மேலே போனது. எங்கள் கூட்டுக்குழு பல நாட்டு ஆட்கள் சேர்ந்தது. அவ்வளவு பேரும் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்கள்.

நான் அப்போது நீண்ட விடுப்பில் விருத்தாசலத்தில் இருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் கொல்லைப்பக்கத்தில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டிருந்தார். கொழுந்தனாருக்குத் தொழிற்பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் செய்கிற சின்ன கம்பெனி. அதற்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. ஜன்னலை எத்தனை தடவை துடைத்தாலும் வெள்ளை மண் படிந்துவிடும். இந்த ஊரில் இருந்துகொண்டு பீங்கான் சூளையை உவமை சொல்லாமல் ஒருத்தி பேசவே முடியாது என்று வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு. நான் சொல்லப் போவதில்லை, பயப்படாதீர்கள்.

என் குழுவில் ஒப்பந்த வேலையில் இருந்த அவளுக்குப் பக்கத்து நல்லூரில் புகுந்த வீடு; அப்போது அங்கிருந்துதான் வேலை பார்த்தாள். அங்கே இணையம் வரும், உடனே போகும். அதனால் காலையில் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மேசையின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நான். கூடத்துக் கட்டிலில் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்காரர். நாங்கள் பேசுவது எதுவும் அவருக்குப் புரியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து சொல்வார். வந்த புதிதில் என்னை ‘மேடம்’ என்றவள், என் ரசத்தைச் சாப்பிட்ட பிறகு ‘அக்கா’ என்று மாற்றிக்கொண்டாள். அவரை ‘மாமா’ என்றாள்.

அவளுக்கு வேலை ஒப்பந்தம் முடிகிற நேரம். எங்கள் நிறுவனத்தில் நிரந்தர இடம் ஒன்றுக்கு நேர்காணல் வரவிருந்தது. அதற்கு முந்தைய வாரம் கூட்டுக்குழுவின் ஒப்புதல் கூட்டம். அதில் அந்தக் கோட்டைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டால், நேர்காணலுக்குக் கையில் வெடியோடு போவது மாதிரி. வீட்டில் ஒரு பேச்சும் நடந்து முடிந்திருந்தது. இந்தத் தடவை வேலை கிடைக்காவிட்டால் இதை விட்டுவிட்டு பி.எட். படித்துப் பக்கத்திலேயே பள்ளிக்கூட வேலைக்குப் போய்விடுவதாக அவளே வாக்குக் கொடுத்திருந்தாள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பல வருடமாக ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் தாவிக்கொண்டிருந்தால் எந்தக் குடும்பம்தான் தாங்கும்?

கூட்டத்துக்கு முந்தைய நாள் அவள் தாமதமாக வந்தாள். புடவை கசங்கி, தலை கலைந்து, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். இன்னும் ஒத்திகை பார்க்கவேண்டியிருந்ததால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“என்னம்மா, இன்னிக்கின்னு பாத்து பஸ்ஸ வுட்டுட்டியா?”

“பஸ்ஸ நான் வுடலக்கா. பஸ்ஸுதான் என்னை உள்ள வுடல. முகூர்த்த நாளு இல்ல? கல்யாண வேன் வழியில நின்னுபோச்சாம். பொண்ணோட சேத்து மொத்தக் கூட்டமும் எங்க பஸ்ஸுல ஏறிடுச்சு. மூச்சு வுட எடமில்ல.”

“பொண்ணுக்கு சீட்டு குடுத்தாங்களா?” என்றார் கட்டிலில் இருந்தவர். அவர் கவலை அவருக்கு.

“குடுத்தாங்க மாமா, நான்தான் எழுந்து குடுத்தேன்” என்றவள், என் பக்கம் திரும்பினாள். முகத்தில் சிரிப்பு இல்லை. “அக்கா, ஒண்ணு கேக்கறேன், திட்டாதீங்க. அந்த கண்டக்டர்கிட்ட போயி, கூட்டமான பஸ்ஸுலதான் கல்யாணப் பொண்ணுங்க நெறைய வராங்கன்னு நான் கண்டுபுடிச்சிருக்கேன்னு சொன்னா என்ன சொல்லுவாரு?”

“போம்மா அந்தாண்டன்னுவாரு. பொண்ணு ஏறினதாலதான கூட்டமே.”

“நாமளும் அதத்தான் கண்டுபுடிச்சிருக்கமோன்னு பயமா இருக்குதுக்கா.”

எனக்கு உடனே புரிந்தது. ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. கனத்துகள் உடைந்தால் வருகிற துண்டுகளைக் கூட்டக் கணக்கிலிருந்து கழித்துவிடுவது எங்கள் தொழிலில் பாலபாடம். அதைச் செய்துதான் இருந்தோம்.

“பொண்ணத்தான் கழிச்சாச்சே” என்றேன்.

“பொண்ணக் கழிச்சோம். கூட வந்த அத்தை, சித்தி, பெரியப்பா, வாழைத்தாரு தூக்கிட்டு வந்த மாமன், இவங்களயெல்லாம் கழிக்கலையே.”

கனத்துகள் தனியாகப் பிறப்பதில்லை. அதே திசையில் அதனுடன் சேர்ந்து லேசான துகள்கள் ஒரு கொத்தாகக் கிளம்பும். டிடெக்டரில் கனத்துகளைத் தேடுகிற அதே பகுதியில்தான் கூட்டத்தையும் எண்ணிக்கொண்டிருந்தோம். இந்தக் கொத்தால் வருகிற கோளாறு சின்னது என்று மோதலைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்க்கிற எங்கள் சிமுலேஷன் சொன்னது; அதை நம்பி எல்லாரும் தாண்டிப் போய்விட்டோம். இவளுக்கு மட்டும் உறுத்தியிருக்கிறது. முந்தின நாள் பகல் முழுக்க என் எதிரிலேயே உட்கார்ந்து, என்னிடம் சொல்லாமல், ஒவ்வொரு மோதலின் படமாகத் திறந்து வெறும் கண்ணால் பார்த்திருக்கிறாள். கூட்டம் பல படத்தில் கனத்துகள் போன பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

“பஸ்ஸுக்குள்ள தலைய எண்ணக் கூடாதுக்கா. அன்னிக்கு ஊருல எவ்ளோ நடமாட்டம்னு தெரியணும்னா தள்ளி நின்னு பஸ் ஸ்டாண்டுல எண்ணணும். கனத்துகள் போற பக்கத்துலேருந்து தள்ளி இருக்குற ஓரத்து டிடெக்டருல எண்ணிக்கை இருக்குதே, அத வெச்சு கணக்க மறுபடியும் ஓட்டிட்டேன். காலைல முடிஞ்சிடுச்சு.”

“கோடு எப்படி இருக்குது?”

“தொறக்கலக்கா. கை வரல. நீங்க தொறங்க.”

லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த நிமிடத்தில் எங்களுக்கு வழி நிறைய இருந்தது. மறுநாள் பழைய கோட்டையே காட்டி, கீழே ஒரு வரி எச்சரிக்கை போட்டுவிட்டுப் பிறகு சரிபார்க்கலாம். ஒருத்தரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். எல்லாரும் தாண்டிப் போன பள்ளம்தானே? அல்லது புதுக் கோட்டைத் திறந்து பார்த்துவிட்டு, பார்த்ததற்குத் தகுந்தபடி முடிவு செய்யலாம். இரண்டாவது வழி ரொம்ப ஒழுங்கானது மாதிரி தோன்றும். எனக்கு அதுதான் முதல் வழியைவிடப் பயம்.

ஏன் என்றால், நான் ஒரு கோபக்காரரிடம் தொழில் கற்றவள். அந்தக் காலத்தில் வரைபடம் காகிதத்தில் வரும். அவர் அதைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தன் டிபன் கேரியரை வைத்துவிடுவார். ‘மேலே போயிருந்தால் என்ன செய்வாய், கீழே போயிருந்தால் என்ன செய்வாய், முதலில் சொல்’ என்பார். சொல்லாமல் கேரியர் நகராது. கோடு பிடித்த மாதிரி வந்தால் சரிபார்க்கவே தோன்றாது. பிடிக்காத மாதிரி வந்தால் ஆயிரம் குற்றம் கண்ணில் படும். அத்தனையும் உண்மையான குற்றமாகவே இருக்கும். பிடித்திருந்தால் அதைத் தேடியிருக்கவே மாட்டோம் என்பதுதான் வில்லங்கம். அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தவை இந்தப் பழக்கமும் அந்தக் கோபமும்.

கட்டில் கம்பியில் தொங்கிய எங்கள் வீட்டுக்காரரின் கட்டம் போட்ட துண்டை உருவினேன். கோப்பைத் திறக்கிற பொத்தானை அழுத்திவிட்டு, படம் வருவதற்குள் துண்டைத் திரைமேல் போட்டு மூடினேன்.

“என்ன மரகதம், பஸ்ஸுல சீட்டு புடிக்கிறியா?” என்றார் அவர்.

“ஆமா. கொஞ்சம் சும்மா இருங்க.” நான் அவள் பக்கம் திரும்பினேன். “சொல்லும்மா. கோடு அப்படியே மேல நிக்குது. என்ன செய்வே?”

“புதுசு, பழசு ரெண்டயும் காட்டுவேன்.”

“கீழ வந்துடுச்சு. எல்லாரும் போட்டு வெச்ச கணக்குலயே போயி வுழுந்துடுச்சு. அப்ப?”

அவள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “மொதல்ல பாத்துட்டு…” என்று இழுத்தாள்.

“பாக்கறதுக்கு முன்னாடி.”

“அக்கா, ஒங்களுக்கு என்ன? ரெண்டு வருஷத்துல பென்ஷன் வந்துடும். நான் வூட்டுல என்ன சொல்லிட்டு வந்திருக்கேன்னு ஒங்களுக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சும் கேக்கறீங்களே!”

கத்தியே விட்டாள். சுள்ளென்று உறைத்தது எனக்கு. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. எனக்கு அதில் இழப்பதற்கு ஒன்றுமே இல்லை. அவளுக்கு அந்தத் துண்டுக்குக் கீழே அவளுடைய வாழ்க்கை இருந்தது. எடுத்துத் தொலை என்று சொல்லிவிடத்தான் எனக்கு ஆசை. என் மகளாக இருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. எங்கள் வீட்டுக்காரர் தலைமாட்டில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்துவிட்டு, முதல் முறையாகக் கருத்து எதுவும் சொல்லாமல் கூரையைப் பார்த்தார். நான் எழுந்து சமையலறைக்குப் போய் டீ போட்டேன். பாலைப் பொங்கவிட்டேன். அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் நிலைப்படியில் வந்து நின்றாள்.

“கீழ வந்தாலும் புதுசத்தான் சரின்னு சொல்லுவேன். பழச தப்புன்னு நானே அடிச்சுக் காட்டுவேன். வேற யாரையும் பேச வுட மாட்டேன், நானே பேசுவேன். போதுமா?”

“போதும்.”

“ஆனா அழுவேன். அத நீங்க தடுக்கக் கூடாது.”

“நல்லா அழு. டீயக் குடிச்சிட்டு அழு.”

மூன்று பேரும் டீ குடித்தோம். பிறகு லேப்டாப்பைக் கட்டில் பக்கம் எடுத்துக்கொண்டு போனோம். சாட்சிக்குத் தானும் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டுக்காரர் அடம்பிடித்தார். “மொள்ள எடும்மா, எடது பக்கத்துலேருந்து” என்று வேறு சொன்னார். அவள் துண்டைப் பிடித்து மெல்ல இழுத்தாள். கூட்டம் குறைந்த மோதல்களில் புள்ளிகள் பழைய இடத்திலேயே இருந்தன. நடுவிலும் பெரிய மாற்றமில்லை. துண்டு இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. வலது ஓரத்துப் புள்ளிகள் இறங்கியிருந்தன. நன்றாகவே இறங்கியிருந்தன. கோடு இன்னும் நேர்விகிதத்துக்கு மேலேதான் இருந்தது. கூட்டம் இரண்டு மடங்கானால் கனத்துகள் இரண்டு மடங்குக்கு மேல் என்பது மாறவில்லை. ஆனால் அது ஏற்கெனவே எல்லாரும் போட்டு வைத்திருந்த கணக்கின்மேல் பத்திரமாகப் போய் உட்கார்ந்திருந்தது. செய்தி போய்விட்டது.

“அவ்ளோதானா?” என்றாள்.

“அவ்ளோதான்.”

அவள் அழவில்லை. பசிக்கிறது என்றாள். தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்லி, இரண்டாவது தடவையும் போட்டுச் சாப்பிட்டாள். அழுதது நான்தான். குக்கர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்தேன். “மரகதம், மூக்க தொடச்சிட்டு ஒரு அப்பளம் பொரி” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. மனுஷனுக்குக் காலில்தான் அடி, காதில் இல்லை.

மறுநாள் அதே மேசையிலிருந்து அவள் இணையவழியில் கூட்டத்தில் பேசினாள். முதலில் பழைய கோடு. அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. பிறகு புதியது. கல்யாணப் பெண்ணும் பஸ்ஸும் ஆங்கிலத்தில் போனார்கள். எங்கள் குழுவில் ஒரு பொல்லாத மனிதர் உண்டு; யார் பேசினாலும் குடைந்து எடுத்துவிடுவார். அவர் கேட்டது ஒன்றுதான்: எதைக் காட்டுவது என்று முடிவு செய்தது, பார்ப்பதற்கு முன்பா பின்பா? முன்பு என்றாள். சாட்சி உண்டா என்றார். இரண்டு பேர், அதில் ஒருவருக்குக் கால் ஒடிந்திருக்கிறது என்றாள். அப்போதுதான் அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தேன். இதே மாதிரி செங்குத்தாக ஏறுகிற கோடுகளை வைத்திருந்த வேறு இரண்டு குழுவினர் அந்த வாரமே தங்கள் வேலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். தள்ளி நின்று எண்ணுகிற அவளுடைய முறையில் மறுபடியும் ஓட்டினார்கள். அவர்களுடையதும் இறங்கியது.

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே இனிப்பாக முடிய வேண்டும். முடியவில்லை. நேர்காணலில் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. வேறொருவருக்குப் போனது, அவரும் நல்ல ஆள்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தாள். “வரலக்கா” என்றாள், அவ்வளவுதான். பஸ் ஹார்ன் சத்தத்தில் நான் என்ன ஆறுதல் சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. போனை வைத்துவிட்டு, அந்தத் துண்டை எதற்காகப் போட்டோம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. சரியானதைச் செய்தால் மனசு நிம்மதியாகிவிடும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சில நாள் கழித்து அவள் கணவர் வந்தார். அதிகம் பேசாத மனிதர், விவசாயம். அவள் எங்கள் வீட்டில் விட்டுவைத்திருந்த புத்தகங்களை எடுத்துப்போக வந்திருக்கிறார் என்று நினைத்து நானே எல்லாவற்றையும் கட்டி வைத்தேன். ஒரு பை முந்திரியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“இன்னும் ஒரு வருஷம் பாக்கட்டுங்க” என்றார்.

அவராகவே சொன்னார்: “அந்தக் கோடு எறங்குன அன்னிக்கு வூட்டுக்கு வந்ததும் எங்கிட்டதாங்க மொதல்ல சொன்னா. வேல கெடைக்காம போனாலும் போவும்னும் சொன்னா. கோடு வுழுந்துடுச்சு, ஆனா சரியான எடத்துல வுழுந்துடுச்சுன்னு சொல்லிட்டு புள்ளைக்கு சோறு ஊட்ட ஆரம்பிச்சிட்டா. எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதுங்க. அவ இத வுட்டுட்டா நல்லாருக்காதுன்னு மட்டும் தோணுச்சு.”

“ஒங்க அம்மா?” என்றேன்.

“அம்மாதான் முந்திரி குடுத்து வுட்டாங்க.”

கட்டியிருந்த புத்தகங்களை நான் அவிழ்த்து மறுபடியும் அலமாரியில் அடுக்கினேன். கிளம்பும்போது அவர் தயங்கி நின்றார். “ஒங்க துண்டு ஒண்ணு எங்க வூட்டுல இருக்குதுங்க. கம்ப்யூட்டர அதுல சுத்தி எடுத்தாந்துட்டா. திருப்பிக் குடுத்துடலாம்னா மாட்டேங்குறா.”

“வெச்சிக்கட்டும்” என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

அடுத்த வருடம் அதே நிறுவனத்தில் இன்னோர் இடம் வந்தது, அவளுக்குக் கிடைத்தது. அந்தக் கோட்டால்தானா என்று எனக்குத் தெரியாது. தேர்வுக் குழுவில் நான் இல்லை, இருந்தவர்களிடம் நான் கேட்கவும் இல்லை.

இப்போது உங்கள் தலைவரின் அறைக்குள் போய்ப் பாருங்கள். மேசை ஓரத்தில், கட்டம் வெளுத்து, விளிம்பில் நூல் பிரிந்த பழைய துண்டு ஒன்று மடித்து வைத்திருக்கும். தூசி துடைக்கிற துணி என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள், வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். ஒருநாள் உங்களுடைய கோடு யாரும் நினைக்காத உயரத்துக்கு ஏறும். சந்தோஷத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடுவீர்கள். அவள் கோட்டைப் பார்க்க மாட்டாள். தள்ளி நின்று எண்ணினாயா என்று கேட்பாள். இனிமேல்தான் என்றால், எண்ணி முடித்து வரச் சொல்வாள். முடித்துக்கொண்டு போனால் அந்தத் துண்டை எடுத்து உங்கள் திரைமேல் போட்டுவிட்டு, ‘மொதல்ல சொல்லு’ என்பாள். உங்களுக்கு ஆத்திரம் வரும். என்னிடம் அவள் கத்தியதுபோல நீங்களும் கத்துங்கள். ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாள். எழுந்து போய் டீ சொல்வாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள். அவள் காத்திருப்பாள்.